கூரையில் கண்ணாடி வைத்த கார்

நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டதற்குக் காரணம் என் கணவரின் தலைசுற்றல். ஒருநாள் காலையில் மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர், கொடியில் வந்து உட்கார்ந்த ஏதோ ஒரு பறவையை அண்ணாந்து பார்த்திருக்கிறார். அப்படியே கொடிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். ஈர வேட்டி அவர் தலைமேல் கிடந்தது. நான் போய் எடுத்துவிட்டபோது, வீடு நிற்கிறதா என்று என்னிடம் கேட்டார்.

காதுக்குள் கோளாறு என்றார் ஒரு டாக்டர். கழுத்தெலும்பு என்றார் இன்னொருவர். மாத்திரைகளால் பெரும்பாலும் சரியாகிவிட்டது. ஆனால் நின்றுகொண்டு மேலே பார்த்தால் மட்டும் பூமி நழுவியது. அதனால் அவர் மேலே பார்ப்பதையே விட்டுவிட்டார். கோயிலுக்குப் போனால் கோபுரத்தைப் பார்க்காமல் வாசற்படியைப் பார்த்துக் கும்பிட்டார். மழை வருமா என்று அறிய வானத்துக்குப் பதில் என் முகத்தைப் பார்த்தார். ஸ்கூட்டரை விற்றாயிற்று. இந்த மலையாள ஊரில், நாங்கள் குடியிருக்கும் வலியசாலையிலிருந்து எங்கே போவதாக இருந்தாலும் ஆட்டோ, இல்லையென்றால் பஸ். அவருக்கு பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்பதும் கஷ்டம். மெல்ல மெல்ல வெளியே போவதே குறைந்து, வாசலுக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒரு மனிதர் என்று ஆகிவிட்டார்.

நான் சாலை என்கிற பெரிய கடைவீதியில் ஒரு மொத்த ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். ஐம்பது வயது தாண்டிய பிறகு டிரைவிங் பள்ளியில் போய்ச் சேர்ந்தபோது, கடையில் யாரும் சிரிக்கவில்லை. அதுவே எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. இங்கே லைசென்ஸ் வேண்டுமென்றால், கம்புகளுக்கு நடுவே ஆங்கில எச் எழுத்து வடிவத்தில் வண்டியை முன்னும் பின்னும் ஓட்டிக் காட்ட வேண்டும். முதல் தடவை ஒரு கம்பைச் சாய்த்தேன். அடுத்த தடவை தேறினேன்.

அந்த மாதங்களில் எனக்குக் கார்க் கனவுகள் வந்துகொண்டிருந்தன. கனவில் நான் உட்கார்ந்திருப்பேன், கார் தானாகப் போகும். எங்கள் தெருவிலிருந்து பின்பக்கமாகவே நகர்ந்து, சாலைக் கடைவீதியில் வெங்காய மூட்டைகளுக்கும் தலைச்சுமைக்காரர்களுக்கும் நடுவே யார்மேலும் படாமல் போய், கடைசியில் கடற்கரை மணலில் நிற்கும். யாரும் ஹார்ன் அடிக்க மாட்டார்கள். அந்தக் காருக்கு ஒருபோதும் கூரை இருந்ததில்லை. தலைக்கு மேல் வானம் நகர்ந்துகொண்டே வரும்.

கனவை யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் ஷோரூமில் போய் நின்றபோது, கூரையில் கண்ணாடி வைத்த கார்தான் வேண்டும் என்றேன். என் கணவர் அந்தக் கண்ணாடியைப் பார்க்கவில்லை, அதைப் பற்றிக் கேட்டுக்கொண்டார்.

"வருசத்துல பாதி நாளு மழ பெய்யுத ஊருல, கூரையில ஓட்ட போட்டு ஒரு வண்டி வாங்கணுமா?"

எங்களைக் கவனித்துக்கொண்ட விற்பனைப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். மலையாளி. அவரிடம் மலையாளத்திலும் என்னிடம் சினிமாவில் பிடித்த தமிழிலும் பேசினாள். அது ஓட்டை இல்லை, உறுதியான கண்ணாடி, உள்ளே இழுத்து மூடத் திரை உண்டு, ஒரு சொட்டு உள்ளே வராது என்றெல்லாம் விளக்கினாள். அவர் அவளுக்குக் கூரை என்றால் என்ன என்பதைப் பற்றிச் சற்று நேரம் பாடம் எடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, ஓட்டப்போவது நீ, உன் இஷ்டம் என்று விட்டுவிட்டார். நிறத்தையும் நானே சொன்னேன். மழைக்கு முன்னால் கடல் கறுக்குமே, அதற்குச் சற்று முந்தைய நீலம்.

அவர் ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார். வண்டி எங்கள் பெயரில் பதிவாவதற்கு முன்னால், அது நிற்கிற இடத்திலேயே போய்ப் பார்க்க வேண்டும். ரிப்பன் கட்டி விளக்குக்குக் கீழே நிறுத்தினால் எந்த வண்டியும் அழகுதான். பெயர் பதிந்துவிட்டால் அப்புறம் அதன் குறைகளும் நம்முடையவை என்றார். அந்தப் பெண்ணுக்கு இது புதிது. மேனேஜரைக் கேட்டுவிட்டுச் சரி என்றாள்.

அவர் அரசாங்கத் தணிக்கை அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குறை இல்லாத ஒரு கோப்பை வாழ்நாளில் பார்த்திராதவர். சேலை வாங்கினால் முந்தானையில் ஓடும் இழையை எனக்கு முன்னால் கண்டுபிடிப்பார். புதுக் கார் வாங்கும்போது எதையெல்லாம் சோதிக்க வேண்டும் என்று ஃபோனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தார். சாப்பிடும்போது எனக்குச் சொல்லிக்கொண்டே இருப்பார். டயரின் பக்கவாட்டில் அது செய்யப்பட்ட வாரம் பொறித்திருக்குமாம். எல்லாக் கண்ணாடியிலும் ஒரே வருஷம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம், இல்லையென்றால் ஏதோ ஒன்று உடைந்து மாற்றப்பட்டதாம். கதவுக்கும் வண்டியின் உடம்புக்கும் நடுவே உள்ள இடைவெளி மேலும் கீழும் ஒரே அளவாக இருக்க வேண்டுமாம். ஓய்வு பெற்ற பிறகு அவர் முகத்தில் இவ்வளவு வெளிச்சத்தை நான் பார்க்கவில்லை. எனக்கு அதில் சந்தோஷம்தான், பயமும்கூட. இவர் எதையாவது கண்டுபிடிப்பார், என் நீலக் கார் என் கையை விட்டுப் போய்விடும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

இடவப்பாதி என்று இங்கே சொல்லும் பருவமழை தொடங்கியிருந்த சமயம். வண்டிகளை நிறுத்தி வைக்கும் யார்டு நகரத்துக்கு வெளியே, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் இருந்தது. விற்பனைப் பெண் ஷோரூம் காரில் எங்களை அழைத்துப் போனாள். மழை சற்று ஓய்ந்து, மரங்கள் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தன. காற்றில் ரப்பர் பாலின் புளித்த வாடை. கம்பிவேலிக்கு உள்ளே வரிசை வரிசையாகக் கார்கள். எல்லாவற்றின் முகத்திலும் வெள்ளைப் பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தது. இன்னும் யாருக்கும் சொந்தமாகாத, யாரும் எங்கும் ஓட்டிப்போகாத கார்கள். அவற்றின்மேல் ரப்பர் இலைகள் விழுந்து ஒட்டிக்கொண்டிருந்தன. சத்தமே இல்லை. பேசினால் எழுந்துவிடுமோ என்பதுபோல நாங்கள் மூவரும் மெல்லத்தான் பேசினோம்.

நாலாவது வரிசையில் என் கார் நின்றது. அந்த நீலம் அந்த வெளிச்சத்தில் வேறு மாதிரி இருந்தது. பார்க்கப் பார்க்க நிறம் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. நான் எதையும் சோதிக்கவில்லை. அதைச் சுற்றி ஒரு தடவை நடந்து, கைப்பிடியைத் தொட்டுவிட்டு, நின்றுவிட்டேன்.

அவர் வேலையைத் தொடங்கினார். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, டார்ச்சை எடுத்துக்கொண்டு, தலையைச் சாய்க்காமல் முதுகை மட்டும் வளைத்துக் குனிந்தார். எஞ்சின் பக்கம் பொறித்திருந்த எண்ணை அவர் வாசிக்க, அந்தப் பெண் தன் தாளோடு ஒப்பிட்டாள். டயரைத் தடவினார். மிதியடியைத் தூக்கி, அடியில் துரு இருக்கிறதா என்று பார்த்தார். ஸ்டெப்னியை எடுக்கச் சொன்னார். கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து, மூடி, அந்தச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார். ஒரு கதவை மட்டும் இரண்டாவது தடவை மூடினார்.  பிறகு அடுத்ததற்குப் போனார். விளக்குகள், ஹார்ன், வைப்பர், சீட் பெல்ட், எல்லாம் சரி. பெயின்ட்டில் ஒரு கீறல் இல்லை.

கடைசியில் என்னிடம் வந்து சொன்னார்:

"மேல மட்டும் நீ பாத்துரு. எனக்கு முடியாதுல்லா."

கார்க் கதவின் படியில் கால் வைத்து ஏறி நான் கூரையைப் பார்த்தேன். கறுப்புக் கண்ணாடி. அதில் ரப்பர் மரங்கள் தலைகீழாக நின்றன. அவற்றுக்கு நடுவே ஒரு துண்டு மேகம் போய்க்கொண்டிருந்தது. அந்த மேகம் கண்ணாடியின் ஓரத்துக்குப் போய்ச் சேரும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். எப்படி இருக்கிறது என்று அவர் கீழேயிருந்து கேட்டார். நல்லா இருக்கு என்றேன். பொய்யில்லை. நன்றாகத்தான் இருந்தது.

அவர் டார்ச்சை அணைத்துப் பைக்குள் போட்டார். ஒரு குறையும் இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "கொள்ளாம்" என்றார். அது இங்கே எல்லோரும் சொல்கிற சொல். பரவாயில்லை என்றும் பொருள், நன்றாக இருக்கிறது என்றும் பொருள்.

அந்தப் பெண் ஏதோ தாளில் முத்திரை வாங்கக் காவலாளியின் கொட்டகைக்குப் போனாள். அவள் பாதி தூரம் போவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. முன்னறிவிப்பு இல்லாமல், ஒரே இறக்கமாக. அவள் தாளைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடினாள். நாங்கள் இரண்டு பேரும் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டோம். சிறிது நேரத்தில் ஃபோன் வந்தது. "ஆன்ட்டி, மழ கழியட்டே, ஞான் வராம்" என்றாள். மழை நிற்கட்டும், வருகிறேன் என்று. அவசரமில்லை என்றேன்.

நான் ஸ்டியரிங்குக்கு முன்னால், அவர் எனக்கு இடப்பக்கம். சீட்டில் போட்டிருந்த பிளாஸ்டிக் உறை நாங்கள் அசையும்போதெல்லாம் முனகியது. புதுக் காரின் வாசனை. சுற்றிலும் கண்ணாடிகள் வெளுத்து, மற்றக் கார்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. ரப்பர் மரங்களும் மறைந்தன. மழையின் சத்தம் எங்களைச் சுற்றி ஒரு சுவர் போல எழும்பி நின்றது. நான் கூரைத் திரையைப் பின்னால் இழுத்துத் திறந்தேன். தலைக்கு மேல் கண்ணாடி தெரிந்தது. அதன்மேல் தண்ணீர் விழுந்து, விரிந்து, ஓடிக்கொண்டிருந்தது.

அவர் மேலே பார்க்கவில்லை. ஆனால் அந்த வெளிச்சம் தன் கைமேல் அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சீட்டின் பக்கத்தில் கையை விட்டு, சாய்க்கும் நெம்புகோலைத் தேடிப் பிடித்தார். சீட்டைக் கொஞ்சம் பின்னால் சாய்த்தார். நிறுத்தினார். கண்ணை மூடிக்கொண்டு, தலையை நன்றாகச் சாய்மானத்தில் வைத்தார். இன்னும் கொஞ்சம் சாய்த்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்ல வந்து, சொல்லாமல் விட்டேன்.

கண்ணைத் திறந்தார்.

மேலே தண்ணீருக்கு அப்பால், ரப்பர் மரங்களின் உச்சிகள் காற்றில் ஒன்றையொன்று தேடுவதுபோல வளைந்து நிமிர்ந்துகொண்டிருந்தன. அவர் கை என் கைக்குள் இறுகியது. கொஞ்ச நேரம் அப்படியே. பிறகு மெல்லத் தளர்ந்தது.

"மரந்தான் ஆடுது" என்றார். "நான் ஆடல்ல."

 நானும் என் சீட்டைச் சாய்த்துக்கொண்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு குளத்தின் அடியில் மல்லாந்து படுத்து மேலே பார்ப்பதுபோல இருந்தது. ஒரு ரப்பர் இலை கண்ணாடியில் வந்து ஒட்டியது. தண்ணீர் அதை இழுத்துக்கொண்டு போனது. இன்னொன்று வந்தது. கடை, கணக்கு, துணிக்கட்டுகள், மாத்திரைக்கு நேரமாயிற்றே என்ற நினைப்பு, எல்லாம் எங்கேயோ தூரத்தில் வேறு யாருடையதாகவோ இருந்தன. என் கண் செருகியது. தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவே, கார் மெல்ல நகர்கிறது என்றே நினைத்தேன்.

அப்போது என் மணிக்கட்டில் ஏதோ குளிர்ந்தது.

ஒரு சொட்டுத் தண்ணீர். கையில் மழை பட்டது காயவில்லை போல என்று நினைத்தேன். இன்னொன்று விழுந்தது. நிமிர்ந்து பார்த்தேன். கூரைக் கண்ணாடியின் ஓரச் சட்டம் துணியோடு சேரும் இடத்தில், என் பக்கத்து மூலையில், ஒரு துளி திரண்டுகொண்டிருந்தது. தயங்கித் தயங்கிப் பெரிதாகி, என் கையில் விழுந்தது.

நான் உள்ளங்கையைக் குவித்து அதன் கீழே பிடித்தேன். சத்தம் வராமல் இருக்கவா, சீட் நனையாமல் இருக்கவா, தெரியவில்லை. சொன்னால் இந்தக் கார் போய்விடும். சொல்லாவிட்டால் இந்தச் சொட்டு நம்மோடு வீட்டுக்கு வரும். ஆனால் அதைவிட, அவர் அப்படிப் படுத்திருந்ததைக் கலைக்க மனம் வரவில்லை. மனிதர் இத்தனை நாளுக்குப் பிறகு மேலே பார்த்துக்கொண்டிருக்கிறார். இன்னும் கொஞ்சம் பார்க்கட்டும். உள்ளங்கையில் தண்ணீர் சேர்ந்தது. அதைச் சேலையில் துடைத்துக்கொண்டு மறுபடி ஏந்தினேன். ஒருதடவை, மறுதடவை என்று இது நடந்தது. பிறகு, யாரும் பார்க்காத இடத்தில் நின்று எதையோ மறைப்பதுபோல எனக்கே கூச்சமாகிவிட்டது.

"ஏங்க, ஒழுகுது" என்றேன்.

அவர் கண்ணாடியிலிருந்து பார்வையை எடுக்கவில்லை. "தெரியும்" என்றார். "இந்தப் பக்கமும் உண்டு."

அப்போதுதான் அவருடைய இடது கையைப் பார்த்தேன். அதைத் தலைக்கு மேல் தூக்கிக் கதவும் கூரையும் சேரும் மூலையில் வைத்திருந்தார். சும்மா ஓய்வாக வைத்திருக்கிறார் என்று நினைத்திருந்தேன். கைக்குள் கைக்குட்டை. முழுக்க நனைந்திருந்தது.

"எப்பலருந்து?"

"கொஞ்ச நேரமாச்சு."

"பின்ன ஏன் சொல்லல்ல?"

 அவர் மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொன்னா எந்திரிக்கணும்லா" என்றார்.

நான் சிரித்தேனா, அழுதேனா, எனக்கே நினைவில்லை. மழை குறையும்வரை நாங்கள் எழுந்திருக்கவில்லை. ஆளுக்கொரு மூலையில் சொட்டை ஏந்திக்கொண்டு படுத்திருந்தோம்.

மழை விட்டதும் அந்தப் பெண் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள். விஷயத்தைச் சொன்னோம். ஏசியின் ஈரமாக இருக்கும் என்றாள் முதலில். ஏசி போடவே இல்லை என்றார் அவர். அவள் எட்டி அந்த மூலைத் துணியைத் தொட்டுப் பார்த்தாள். விரலைப் பார்த்தாள். மேனேஜரை ஃபோனில் கூப்பிட்டு என் கணவரிடம் கொடுத்தாள்.

மேனேஜர் மரியாதையாகப் பேசினார். சிறிய விஷயம், ஒர்க்‌ஷாப்பில் விட்டால் ஒரே நாளில் அடைத்துத் தந்துவிடலாம், நல்ல மிதியடிகள் இலவசமாகப் போட்டுத் தருகிறோம் என்றார். என் கணவர் அலுவலகத்தில் எப்படிப் பேசியிருப்பார் என்று எனக்கு அன்றைக்குத் தெரிந்தது. குரலை உயர்த்தவே இல்லை. அடைக்க முடியும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, ஆனால் பழைய வீட்டுக்குத்தான் ஒழுகல் அடைப்பார்கள், புது வீட்டுக்கு யாராவது அடைத்து வாங்குவார்களா என்று மலையாளத்தில் கேட்டார்.  பிறகு மேனேஜர் வேறு வழி சொன்னார். இதே நீலத்தில், கூரைக் கண்ணாடி இல்லாத வண்டி அடுத்த வரிசையில் நிற்கிறது. வேண்டுமானால் இப்போதே பார்க்கலாம். கண்ணாடி உள்ளதுதான் வேண்டுமென்றால் காத்திருக்க வேண்டும், எப்போது வரும் என்று உறுதி சொல்ல முடியாது.

கண்ணாடி இல்லாததையே எடுத்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னேன். எனக்கு அவமானமாக இருந்தது. கனவில் கண்டதை வாங்கப் போய் அது ஒழுகிக்கொண்டு நிற்கிறது. ஓட்டுவதற்கு ஒரு வண்டி போதும்.

"வேண்டாம்" என்றார் அவர். "கண்ணாடி உள்ளதுதான் வேணும். காத்திருக்கோம்னு சொல்லியாச்சு."

அந்தப் பெண் அவரைப் பார்த்தாள். கூரையில் ஓட்டை எதற்கு என்று அவளுக்குப் பாடம் எடுத்த மனிதர் அல்லவா. என்னைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். போகும்போது என் நீலக் காரை ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். கதவுகளைச் சாத்திவிட்டோம். பிளாஸ்டிக் முகத்தோடு அது பழையபடி வரிசையில் நின்றது. ஒழுகுகிறது என்று தெரிந்த பிறகும் அதன்மேல் கோபம் வரவில்லை. எங்கள் இரண்டு பேரையும் அது அவ்வளவு நேரம் உள்ளே வைத்திருந்ததே.

காத்திருந்த நாட்களில் மழை விடாமல் பெய்தது. வீட்டில் அவர் ஒரு சாய்வு நாற்காலியை மொட்டைமாடிக்குப் போகும் படிக்கட்டின் தகரக் கூரையடியில் கொண்டுபோய்ப் போட்டார். கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்து, வெளியே தெரியும் வானத்தைப் பார்க்கப் பழகினார். சில நாள் முடிந்தது. சில நாள் சுற்றியது, கீழே வந்து பேசாமல் படுத்துக்கொண்டார். என்ன பார்த்தீர்கள் என்று நான் கேட்டால், அப்படி ஒன்றுமில்லை, வெளுத்த மேகம், ஒரு பருந்து என்பார். கேட்கும்போது எனக்கு, வெளியூர் போய்வந்த ஒருவரிடம் சேதி கேட்பதுபோல இருக்கும்.

அந்த விற்பனைப் பெண் இடையில் ஒருநாள் ஃபோன் செய்தாள். வண்டியை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோய்க் கழற்றிப் பார்த்தார்களாம். கூரைக் கண்ணாடியைச் சுற்றி விழும் தண்ணீர் வடிவதற்கு மூலைகளில் மெல்லிய குழாய்கள் உண்டாம். முன்பக்கத்து இரண்டும் சரியாகப் பொருத்தப்படாமல் விட்டுப்போயிருந்தன. கம்பெனிக்கு எழுதியிருக்கிறார்கள் என்றாள். மழை வராமல் இருந்திருந்தால் நான் அதை உங்களுக்குக் கொடுத்திருப்பேன் ஆன்ட்டி, எனக்கும் தெரிந்திருக்காது என்றாள். அந்தக் கார் பிறகு என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. குழாயைப் பொருத்தியிருப்பார்கள். யாரோ ஒருவர் ஓட்டிக்கொண்டிருப்பார்கள். அந்த நீலத்தில் ஒரு கார் எதிரே வந்தால் இன்றைக்கும் எனக்கு ஒரு கணம், தெரிந்த முகத்தைப் பார்த்ததுபோல இருக்கும்.

அடுத்த கார் வந்தபோது மழை ஓய்ந்து நல்ல வெயில். அதனால் மழையை நாங்களே ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. ஒர்க்‌ஷாப்பில் வண்டி கழுவும் கொட்டகைக்கு முன்னால் வெயிலில் காரை நிறுத்தி, இரண்டு பேர் குழாயைப் பிடித்துக் கூரைமேல் தண்ணீர் பாய்ச்சினார்கள். நாங்கள் உள்ளே. இந்தத் தடவை அவர் முதலிலேயே சீட்டைச் சாய்த்துக்கொண்டார். வெயில் தண்ணீருக்குள் புகுந்து அவர் சட்டைமேலும் முகத்திலும் நெளிந்தது. நான் டார்ச்சை வாங்கிக்கொண்டேன். எழுந்து, முட்டி போட்டு, பின்சீட்டுக்குப் போய், கூரையின் ஒவ்வொரு மூலையையும் விரலால் அழுத்திப் பார்த்தேன். முன்போல மேகத்தை வேடிக்கை பார்க்கவில்லை. துணி காய்ந்து மொரமொரவென்று இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் பாய்ச்சச் சொன்னேன். மறுபடி எல்லா மூலையும் பார்த்தேன்.

"போதும், அவங்களுக்குக் கை வலிக்கும்" என்றார் அவர்.

வெளியே வந்து அவர் தன் சோதனையை எல்லாம் முதலிலிருந்து செய்தார். கடைசியில் பின்விளக்குக்குக் கீழே, கடுகைவிடச் சின்னதாக, பெயின்ட்டுக்குள் அகப்பட்டுக்கொண்ட ஒரு தூசித் துணுக்கைக் கண்டுபிடித்தார். என்னைக் கூப்பிட்டு, என் விரலைப் பிடித்து அதன்மேல் வைத்துக் காட்டினார். கண்ணுக்குத் தெரியவே இல்லை, விரலுக்கு மட்டும் தெரிந்தது. அந்தப் பெண் கவலையோடு எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டு நின்றாள். தேய்த்துச் சரிசெய்யச் சொல்லட்டுமா என்று கேட்டாள்.

"இருக்கட்டு" என்றார் அவர். அவ்வளவு திருப்தியாக அவர் எதையும் விட்டுக்கொடுத்து நான் பார்த்ததில்லை.

அவர்கள் ரிப்பன் கட்டினார்கள், படம் எடுத்தார்கள், கையில் இனிப்புப் பெட்டி கொடுத்தார்கள். ஷோரூம் வாசலில் ரோட்டில் இறங்கும்போது எஞ்சின் நின்றது. மறுபடி ஓட்டினேன், மறுபடி நின்றது. பின்னால் ஒரு டிப்பர் லாரி பொறுமையில்லாமல் உறுமியது. அவர் நேரே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் ரோட்டின் நடுவில் வந்து கையைக் காட்டி லாரியை நிறுத்தினாள். நான் வண்டியை ரோட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். வலியசாலையில் எங்கள் தெருவுக்குள் நுழைவதற்குள் சேலை முதுகில் ஒட்டிவிட்டது. பக்கத்து வீட்டு அம்மாள் தன் செம்பருத்திச் சட்டியை நகர்த்தி இடம் விட்டார். கோயில் வாசலில் சக்கரத்துக்கு எலுமிச்சை வைத்து ஏற்றினோம்.

சில ஞாயிற்றுக்கிழமைகள் நகரத்துக்குள்ளேயே ஓட்டிப் பழகிய பிறகு, பொன்முடி அடிவாரத்துக் கல்லாறுக்குப் போகலாம் என்று அவரே சொன்னார். நெடுமங்காடு தாண்டியதும் ரோட்டில் கூட்டம் குறைந்தது. பொன்முடி மலை முன்னால் வந்து வந்து மறைந்தது. வழியெல்லாம் அவர் எனக்கு ரோட்டை வாசித்துக்கொண்டே வந்தார். இடப்பக்கம் சைக்கிள், முன்னால் பள்ளம், அந்த பஸ்காரன் நிற்கப்போகிறான். கல்லாறில் ஆற்றோரத்து சின்னக் கடையில் டீ வாங்கினோம். அவர் தன் கிளாஸை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி, ஒரு பாறைமேல் உட்கார்ந்தார். தண்ணீர் குறைவாக, தெளிவாக, கூழாங்கற்களுக்குமேல் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

எனக்கு உட்காரத் தோன்றவில்லை. ஒரு சின்ன சுற்று போய்வரவா என்று கேட்டேன். அவர் தண்ணீரைப் பார்த்தபடி தலையசைத்தார். எங்கே என்று கேட்கவில்லை.

யாரும் பக்கத்தில் இல்லாமல் நான் கார் ஓட்டியது அதுதான் முதல் தடவை. ரோட்டை வாசித்துச் சொல்ல ஆள் இல்லை. கண்ணாடிகளை இறக்கிவிட்டேன். இரண்டு பக்கமும் மரங்கள் நெருங்கி, பகலிலேயே அந்தி போல இருந்தது. ஈர இலைகளின் வாடை உள்ளே வந்து தங்கியது. மேலே எங்கிருந்தோ மூடுபனி சிறிது இறங்கி ரோட்டைத் தொட்டுவிட்டுப் போனது. நான் பயப்படுவேன் என்று நினைத்திருந்தேன். பயமே இல்லை. என் கை திருப்புவதற்கு முன்னாலேயே வளைவு திரும்பிக்கொண்டது. எதிரே ஒரு ஜீப் வந்தது, இடம் விட்டேன், போயிற்று. வனத்துறையின் தடுப்புக் கம்பம் தெரிந்ததும், ஓரத்தில் இருந்த கொஞ்சம் இடத்தில் வண்டியைத் திருப்பினேன். காவலுக்கு நின்றவர் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி தன் ஃபோனைப் பார்த்தார்.

திரும்பி வரும்போது மரங்களுக்கு இடையில் ஆறு தெரிந்தது. பாறைமேல் அவர் இருந்தார். காலி கிளாஸைப் பக்கத்தில் வைத்திருந்தார். சத்தம் கேட்டுத் திரும்பி, எழுந்திருக்கப் பார்த்தார். நான் பிரேக்கில் கால் வைக்கவில்லை. ஜன்னல் வழியாகக் கையை மட்டும் ஆட்டிவிட்டு, அவரைத் தாண்டி, இன்னும் ஒரு வளைவு போனேன்.